செம்பியன் விட்ட விலாங்கு

பரங்கிப்பேட்டை
நவம்பர் 27

அன்பு மகன் செம்பியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நானும் உன் அப்பாவும் நலம். நீயும் ரோசலினும் குழந்தையும் அந்த தோகா ஊரில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். பக்கத்து வீட்டு இளவரசியின் போனில் உன்னோடு பேசும்போதெல்லாம் பாதி நேரம் அழுதே தீர்த்துவிடுகிறேன். மீதி நேரம், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே போய்விடுகிறது. இந்தச் சேதியை அப்படி அவசரமாகச் சொல்ல முடியாது. அங்கன்வாடியில் இருபத்தாறு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கை இது, இன்னும் நடுங்கவில்லை. டூட்டி முடிந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு இடது முழங்கால்தான் தொந்தரவு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கால், இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார். அதை அவர் எப்படிக் கேட்டார் என்று மேலே படித்தால் தெரியும். வீட்டில் உன் பேச்சு கிடையாது. நீ ரோசலினோடு எடுத்த கல்யாணப் போட்டோ அனுப்பிய நாளிலிருந்து நாலு வருஷமாக இப்படித்தான் என்று உனக்கே தெரியும். குழந்தை பிறந்ததை நான் சொன்னபோதும் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

நம் வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டதைப் போன வருஷம் சொன்னேன் அல்லவா. மூன்று கோடையாக ஏறிய உப்பு. முதலில் துவரம்பருப்பு வேகவில்லை. பிறகு சோப்பு நுரைக்கவில்லை. கருவேப்பிலை மரம் இலை கருகி நின்றது, அதை வெட்டும்போது எனக்கு மனசே இல்லை. ஒரு நாள் காலையில் எட்டிப் பார்த்தால் கிணற்றிலிருந்த கெண்டைகள் வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தவளைச் சத்தமும் நின்று போனது. கடல்தான் நிலத்துக்கு அடியில் உள்ளே வருகிறதாம். நம் தெருவில் பாதிக் கிணறு இப்படித்தான். இப்போது எல்லாருக்கும் பைப் தண்ணீர்.

அதனால் உன் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கிணற்றைத் தூர் வாரி, மொட்டை மாடி மழைத் தண்ணீரை அதற்குள் இறக்கினால் நாளடைவில் உப்பு குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு முன்னால், புவனகிரியிலிருந்து கிணற்று வேலை செய்யும் தமிழ்மணி என்பவர் மோட்டாரோடு வந்தார். காலையிலிருந்து தண்ணீரை இறைத்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும்போது மண்வெட்டியோடு உள்ளே இறங்கியவர், "பாம்பு! பாம்புண்ணே!" என்று அலறிக்கொண்டு கயிற்றைப் பிடித்து மேலே வந்துவிட்டார். பாவம், உடம்பெல்லாம் சேறு.

அப்பா டார்ச்சை அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் என்னங்க என்று கேட்டேன். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "பாம்பு இல்லடி. விலாங்கு. அவன் உட்டது."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, செம்பியா? உனக்கு ஒன்பது வயசு. வெள்ளாற்றுக் கரையில் ஊற்றுத் தோண்டி விளையாடிவிட்டு, தண்ணீர் பாட்டிலில் விரல் நீளத்துக்கு ஒன்றைப் பிடித்து வந்தாய். ராஜா என்று பேர் வைத்தாய். குடிக்கிற கிணற்றில் பாம்பு மாதிரி எதற்கு என்று நான் திட்டினேன். நீ அழுதாய். உன் அப்பாதான் வாளியில் ஊற்றி, கயிறு கட்டி, அதற்கு அடிபடாமல் கிணற்றுக்குள் இறக்கினார். ஒரு மாதம் எட்டி எட்டிப் பார்த்தாய், அது கண்ணிலேயே படவில்லை, மறந்துவிட்டோம். இருபத்தொரு வருஷம் ஆகிறது. நீ பள்ளிக்கூடம் முடித்து, பாலிடெக்னிக் முடித்து, விமானம் ஏறி, ஒரு குழந்தைக்கு அப்பாவும் ஆகிவிட்டாய். அது அந்த இருட்டிலேயே இருந்திருக்கிறது. நல்ல தண்ணீரிலும் இருந்திருக்கிறது. எல்லாம் செத்து மிதந்த உப்புத் தண்ணீரிலும் இருந்திருக்கிறது.

அப்பா உன் பேரைச் சொல்லவில்லைதான். ஆனால் "அவன்" என்றார். நாலு வருஷத்தில் அந்த "அவன்" கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் காதில் விழாத மாதிரி நின்றுகொண்டேன்.

ஈரச் சாக்கில் சுருட்டி அதை மேலே கொண்டுவந்து, நீல டிரம்மில் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி விட்டார்கள். என் கை நீளத்துக்கு மேல் இருந்தது, மணிக்கட்டைவிடப் பருமன். விலாங்குக் குழம்பு வைத்தால் உடம்புக்கு அவ்வளவு நல்லது, அண்ணன் முழங்காலுக்கும் கேட்கும் என்று தமிழ்மணி நல்லெண்ணத்தில்தான் சொன்னார். உன் அப்பா பார்த்த பார்வையில் அவர் மோட்டார் ஒயரைச் சுற்றப் போய்விட்டார்.

இளவரசி வீட்டு மாடியில் நஜியா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். நெல்லிக்குப்பத்துப் பெண். இங்கே கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். எப்போது பார்த்தாலும் காலில் சேறும் கையில் பாட்டிலும்தான். சாப்பிடுகிறாளா இல்லையா என்றே தெரியாத ஒல்லி உடம்பு. விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். சின்னத் தொலைநோக்கி மாதிரி ஒரு கருவியில் டிரம் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் முப்பத்தைந்து கிராம் உப்பு இருக்குமாம், நம் கிணற்றில் பன்னிரண்டு இருக்கிறதாம். கெண்டை தாங்காமல் போனதில் ஆச்சரியமே இல்லை என்றாள். அப்படியானால் இது மட்டும் எப்படித் தாங்கியது என்று நான் கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

மீன் உடம்பிலும் நம்மைப் போல ஓரளவு உப்பு இருக்கிறது. கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்கிறதே, நல்ல தண்ணீரில் இருக்கும் மீனுக்கு அந்த நிலைமைதான். கேட்காமலேயே தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அதனால் அது வாயால் குடிக்காது, புகுந்த தண்ணீரை ஓயாமல் சிறுநீராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கிடக்கிற துளி உப்பைச் செவுளால் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். கடலில் எல்லாம் தலைகீழ். மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் விடுகிறதே, அப்படி மீன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்விடும். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், அதற்கு மட்டும் தாகம். அதனால் கடலையே குடிக்கும். குடித்த உப்பை அதே செவுளால் வெளியே தள்ளும்.

அதே செவுள், செம்பியா! ஓரிடத்தில் உப்பை உள்ளே இழுக்கிறது, இன்னோரிடத்தில் வெளியே துரத்துகிறது. பெரும்பாலான மீனுக்கு இதில் ஏதாவது ஒன்றுதான் தெரியும். கெண்டையைக் கடலில் விட்டால் செத்துவிடும், மத்தியை ஆற்றில் விட்டால் செத்துவிடும். கொடுவா, மடவை, விலாங்கு மாதிரி சிலதுக்குத்தான் இரண்டும் தெரியும். தண்ணீர் மாறுகிறது என்று தெரிந்ததும் செவுளில் இருக்கிற பழைய உயிரணுக்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, புதுசாக வேறு உயிரணுக்களை உண்டாக்கிக்கொள்ளுமாம். மார்க்கெட்டில் நாற்பது வருஷமாகச் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மீன் வாங்குகிறேன். அதற்குள் இவ்வளவு நடக்கிறது என்று யார் நினைத்தார்கள்? அன்றைக்கு மீன் ஆய உட்கார்ந்தவள் செவுளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். குழம்பு வைக்க மணி இரண்டாகிவிட்டது.

நஜியா அதன் வயிற்றைப் பார்த்தாள். வெள்ளி மாதிரிப் பளபளத்தது. கண் இரண்டும் பெரிதாக, உடம்புக்குப் பொருந்தாமல் இருந்தன. அவள் முகமே மாறிவிட்டது. "ஆன்ட்டி, இது கெளம்புறதுக்கு ரெடியா இருக்கு" என்றாள்.

விலாங்கு பிறப்பது கடலிலாம். ஆழ்கடலில். குஞ்சாக ஆற்றுக்குள் வந்து, வருஷக்கணக்காக நல்ல தண்ணீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்குப் போகும். போகிற காலம் வந்ததும் கண் பெரிதாகும், வயிறு வெள்ளியாகும், சாப்பாட்டை நிறுத்திவிடும், உடம்பு கடல் உப்புக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். நம் பக்கத்து விலாங்கு எங்கே போகிறது என்று கேட்டேன். சுமத்ரா பக்கம் ஆழத்தில் இருக்கலாம் என்று சொல்கிறார்களாம், உறுதியாகத் தெரியாதாம். முட்டையிடுவதை இதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லையாம். இவ்வளவு படித்த பெண் "தெரியாது" என்று சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொன்றும் சொன்னாள். இவ்வளவு பெரிதாக வளர்ந்தால் அது பெண்ணாகத்தான் இருக்கும் என்றாள். நீ ராஜா என்று பேர் வைத்தது ராணிக்கு.

கிணற்றிலேயே மறுபடியும் விட்டால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். இன்னும் சில வருஷம் காத்திருக்கும், இல்லையென்றால் அப்படியே செத்துப் போகும், சுவர் ஏறி வர வழியில்லையே என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடலில் விட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

ஆற்றில் தானாகப் போனால் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு பழகிக்கொண்டு போயிருக்கும், நாம் தூக்கிக்கொண்டு போய் ஒரேயடியாக விடுவதால் மூன்று நாள் மெதுவாகப் பழக்கினால் நல்லது என்று நஜியா சொன்னாள். அவ்வளவுதான். உன் அப்பா மொபெட்டில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு அன்னங்கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அதைத் தாண்டிக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மொண்டு வருவார். டிரம்மில் ஒரு வாளி எடுப்பார், ஒரு வாளி கடல் தண்ணீர் ஊற்றுவார். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அது மூச்சு விடுவதைப் பார்ப்பார். மறுபடியும் ஒரு வாளி. ஒரு நாளைக்கு நாலு நடை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் பெரிய மழை. டிரம்முக்கு மேல் வைத்த பலகைக்கு அவர் கல் வைக்க மறந்துவிட்டார். நான் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனால் பலகை கீழே கிடக்கிறது, டிரம் காலி. ஐயோ என்று கத்தினேன். அப்பா ஓடி வந்தார், அந்த முழங்காலோடு. ஈரத் தரையில் விலாங்கு தோலாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நெடுந்தூரம் போகும் என்று நஜியா சொல்லியிருந்தாள். வாழை மரத்தடி, சாக்கடை ஓரம், விறகுக் குவியல் எல்லாம் தேடினோம். மழையில் கண்ணே தெரியவில்லை. கடைசியில் வேலி ஓரப் புல்லில் கருப்பாக ஏதோ நெளிந்தது. அப்பா அப்படியே மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். அது வழுக்கிக்கொண்டே போகிறது. இவரும் தவழ்ந்துகொண்டே போகிறார். முட்டியெல்லாம் சேறு. அப்போதுதான் அவர் தலையைக்கூடத் திருப்பாமல் கத்தினார்:

"டேய் செம்பியா! சாக்க எடுத்துட்டு ஓடியாடா!"

நான்தான் சாக்கோடு ஓடினேன். இருவருமாகச் சுருட்டி டிரம்மில் விட்டோம். அது அடியில் போய் வட்டமாகப் படுத்துக்கொண்டது. பலகையை வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றினார். பிறகு மழையிலேயே நின்றார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செம்பியா. காபி போடுகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பைப் பற்றவைக்கவே எனக்கு நாலு குச்சி தேவைப்பட்டது.

நாலாம் நாள் மாலை, தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் பார்த்து, இளவரசி வீட்டுக்காரரின் மினி வேனில் டிரம்மை ஏற்றிக்கொண்டு அன்னங்கோயில் முகத்துவாரத்துக்குப் போனோம். நஜியாவும் வந்தாள். மழைத் தண்ணீர் வந்திருந்ததால் வெள்ளாறு செம்மண் நிறத்தில் ஓடியது. கொஞ்சம் தள்ளிக் கடல் பச்சையாக நின்றது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி நுரை. இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருந்தும் அந்தக் கோட்டை நான் நின்று பார்த்ததில்லை. மனிதர்களுக்கு அது வெறும் நிறம். அதற்குள் நீந்துகிற உயிருக்கு, உடம்பையே மாற்றிக்கொண்டு தாண்ட வேண்டிய வாசல்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, சாக்கோடு தொடையளவு தண்ணீரில் இறங்கினார். சாக்கை விரித்தார். அது உடனே போகவில்லை. அவர் கைகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. செவுள் மூடித் திறந்தது, மூடித் திறந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு உடம்பை ஒரு தரம் நீளமாக நீட்டியது. தலையைக் கீழே கவிழ்த்தது. அவ்வளவுதான் பார்த்தேன். சத்தமில்லை, துள்ளலில்லை. தண்ணீர் மூடிக்கொண்டது. நான் கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நஜியாவும் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா தண்ணீரில் நின்றபடியே அவளைக் கேட்டார்: "திரும்பி வருமாம்மா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இது வராது அங்கிள். முட்டை போட்டதும் அங்கயே முடிஞ்சிடும். ஆனா குஞ்சுங்க வரும். கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள இருக்கிற முள்ளு தெரியும். அதுங்க இந்தப் பக்கத்த பாத்ததே இல்ல. ஆனாலும் வரும்."

இதே ஆற்றுக்கா என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, ஆற்றுத் தண்ணீர் வாசம் எங்கே கிடைக்கிறதோ அங்கே நுழையும் என்றாள். முகத்துவாரம் மணல் மூடாமல் திறந்திருக்க வேண்டும், அது மட்டும்தான் என்றாள்.

அப்பா கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். தோசை வார்த்து வைத்தேன், தொடவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தப் புள்ளைக்கி இப்ப எத்தன வயசு?"

என் கையில் தோசைக் கரண்டி. இரண்டரை என்றேன்.

பேர் என்ன என்றார். இரண்டரை வருஷமாக நான் சொல்லக் காத்திருந்த வார்த்தை. இலக்கியா என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏதோ வாயில் நுழையாத பேராக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ரோசலின்தான் அந்தப் பேரை ஆசையாக வைக்கச் சொன்னாள் என்று நீ முன்பு சொன்னதையும் சொன்னேன். அவர் தட்டை இழுத்துக்கொண்டார். தோசையைச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார்.

மறுநாளிலிருந்து வீட்டில் நடப்பதை எழுதினால் சிரிப்பாய். கிணற்றுக்கு இரும்பு மூடி போட வந்த தமிழ்மணியிடம், கம்பிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், குழந்தை கால் உள்ளே போகக் கூடாது என்று நாலு தரம் சொன்னார். எந்தக் குழந்தைண்ணே என்று அவர் கேட்டார். சொன்னதைச் செய் என்றுவிட்டார்.

இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொல்லையிலிருந்து வந்தவர், யாருக்கு என்று கேட்டார். உனக்குத்தான் என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "மார்கழிப் பனி கொழந்தைக்கு ஆவாது. தை பொறந்து வரச் சொல்லு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தை பிறந்து வா, செம்பியா. மூன்று பேரும் வாருங்கள். ரோசலினுக்குக் காரம் ஆகுமா, என்ன பிடிக்கும் என்று இளவரசி போனுக்கு எழுதி அனுப்பு. மொழி தெரியாதே என்று அவள் பயப்பட வேண்டாம் என்று சொல். எனக்கும் அவள் மொழி தெரியாது, நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் அப்பாவிடம் மன்னிப்பு கேட்காதே. அவரையும் கேட்க வைக்காதே. பழைய பேச்சு எதையும் எடுக்காதே. வாசலில் குழந்தையை இறக்கிவிட்டு, நீ பெட்டியை எடுக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்றுகொள். மற்றதை இலக்கியா பார்த்துக்கொள்வாள்.

என் பிள்ளைகள் மூவரும் நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன் அம்மா,
கொளஞ்சியம்மாள்